விண்கப்பல் படைக்கு விதி எது, பெயர் எது?

விண்கப்பல் மினியேச்சர் பொம்மைகளை வைத்து மேசைப்போர் ஆட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரூல்ஸ் எடுக்கலாம்?" கப்பல்களுக்கு என்ன பெயர் வைப்பது என்ற யோசனை பெயின்ட் காய்ந்த பிறகுதான் வரும். விதியை ஒரு நாள், பெயரை இன்னொரு நாள் என்று முடிவு செய்யும்போதுதான் ஆட்டம் இடறுகிறது. சில விதிகளில் ஒவ்வொரு கப்பலுக்கும் பெயரோ எண்ணோ இல்லாவிட்டால் சுற்றே நகராது. சிலவற்றில் பெரிய கப்பலுக்கு மட்டும் இருந்தால் போதும். ஒன்றில் பெயரையே பாயிண்ட் (படை சேர்க்க ஆளுக்குள்ள பட்ஜெட்) கொடுத்து வாங்க வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன்.

மனதில் வைத்திருப்பது இப்படி ஒரு கூட்டத்தை: இரண்டு மூன்று நண்பர்கள், ஒரு சாப்பாட்டு மேசை, ஆளுக்கு ஆறிலிருந்து பத்துக் கப்பல், ஞாயிறு மதியத்துக்கும் இரவுக்கும் இடைப்பட்ட நேரம். போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு உதவாது. அங்கே எந்த விதி ஓடுகிறதோ அதுதான் விதி.

என் ஓட்டு எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபுல் த்ரஸ்ட். பிரிட்டனில் ஜான் டஃப்லி எழுதி, கிரவுண்ட் ஸீரோ கேம்ஸ் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட விதிநூல் இது. பழைய புத்தகங்களை அந்த நிறுவனமே இலவச பிடிஎஃப்பாகத் தருகிறது. முதல் நூலோடு, 1998-ல் வந்த ஃப்ளீட் புக் முதல் பாகத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுத விதிகளும் கப்பல் வடிவமைப்பு விதிகளும் அதில்தான் ஒழுங்குக்கு வந்தன. எந்தக் கம்பெனியின் மினியேச்சரையும் வைத்து ஆடலாம். தூரத்தைக் கப்பலின் ஸ்டாண்டிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பதால், பொம்மை பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை.

ஆட்டத்தின் உயிர், எழுதி வைக்கும் ஆணையில் இருக்கிறது. சுற்று தொடங்கும்போது ஒவ்வொருவரும் தங்கள் கப்பல் ஒவ்வொன்றுக்கும் அடுத்த நகர்வை ரகசியமாக எழுதுவார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்த்துவார்கள். திசை கடிகார முகம் மாதிரி பன்னிரண்டு புள்ளிகள், புள்ளிக்கு 30 டிகிரி. போன சுற்றின் வேகம் அப்படியே தொடரும். கப்பலின் த்ரஸ்ட் எண் (எஞ்சின் வலு) அளவுக்குத்தான் எதையும் மாற்றலாம். அதிலும் பாதிக்கு மேல் திரும்புவதற்குச் செலவழிக்க முடியாது. உதாரணத்துக்கு, வேகம் 8, த்ரஸ்ட் 4 உள்ள கப்பலுக்கு "இ2 +2" என்று எழுதுகிறீர்கள். இடப்பக்கம் இரண்டு புள்ளி, வேகம் 10 ஆகும். மேசையில் முதலில் ஒரு புள்ளி திருப்பி 5 இன்ச் நகர்த்த வேண்டும். பாதி வழியில் இன்னொரு புள்ளி திருப்பி மிச்சம் 5 இன்ச். மேசை சின்னதாக இருந்தால் இன்ச்சுக்குப் பதில் சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளலாம், விதி ஒன்றும் கெடாது.

எதிராளி எங்கே வந்து நிற்பான் என்று ஊகித்து எழுதுவதில்தான் சுவாரஸ்யம். ஊகம் தப்பினால், அவனுடைய க்ரூசர் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) உங்கள் கப்பலின் பின்பக்கம் வந்து நிற்கும். உங்கள் பீரங்கிகள் எல்லாம் காலி வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சுடுவதும் எளிது. பீம் (கதிர்) ஆயுதம் ரகம் 2 என்றால், 12 இன்ச்சுக்குள் இரண்டு பகடை, 24 வரை ஒன்று. 4, 5 விழுந்தால் ஒரு சேதம். 6 விழுந்தால் இரண்டு, மறுபடி உருட்டவும் செய்யலாம். எதிரிக்கு ஒரு நிலைக் கவசத்திரை இருந்தால் 4 செல்லாது. சேதத்தைக் கப்பலின் தாளில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே வர வேண்டும். கட்டங்கள் நான்கு வரிசை. முதல் வரிசை தீர்ந்ததும் கப்பலில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பகடை: 6 விழுந்தால் அது போயிற்று. இரண்டாம் வரிசை தீர்ந்தால் 5, 6. மூன்றாவதில் 4 முதலே ஆபத்து. நல்ல உடம்போடு இருக்கும் ஒரு கப்பல் முதல் சோதனையிலேயே எஞ்சினை இழந்து, மேசையின் விளிம்பை நோக்கி நேர்கோட்டில் போய்க்கொண்டே இருப்பதைப் பார்க்க எதிராளிக்கு ஏகப்பட்ட ஆனந்தம்.

இங்கேதான் பெயர் வருகிறது. எட்டுக் கப்பலுக்கு எட்டுத் தாள், எட்டு வரி ஆணை. அதில் நான்கு ஒரே அச்சில் வார்த்த, ஒரே நிறமடித்த நாசகாரிகள் (க்ரூசரைவிடச் சிறியவை). எந்தத் தாள் எந்தப் பொம்மைக்கு என்று தெரியாவிட்டால் இரண்டாவது சுற்றிலேயே ஆட்டம் வழக்காடு மன்றமாகிவிடும். எண் போட்டால் போதாதா என்றால், போதும். ஆனால் "மூன்றாம் நம்பர் எஞ்சின் போச்சு" என்று சொல்லும்போது யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. அடுத்த வாரம் அதை யாரும் நினைவு வைத்திருக்கவும் மாட்டார்கள்.

குறையும் உண்டு. போர் விமானங்களைக் கூட்டமாக ஏற்றிக்கொண்டு வருகிறவனை அடக்குவது கடினம். அதற்கு உங்களுக்குள் ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்குப் பதினைந்து கப்பல் என்று போனால், ஆணை எழுதியே பொழுது சாய்ந்துவிடும். அப்புறம், விண்வெளியில் எதுவும் இப்படித் திரும்பாது என்று இயற்பியல் படித்த ஒரு நண்பர் கட்டாயம் ஆரம்பிப்பார். அவருக்காக ஃப்ளீட் புக்கில் வெக்டர் நகர்வு விதி ஒன்று இருக்கிறது: கப்பலின் மூக்கு ஒரு பக்கம், போகிற திசை இன்னொரு பக்கம் என்று ஆடலாம். அதற்கும் அவர் திருப்தியடையாவிட்டால், ஆட் ஆஸ்ட்ரா கேம்ஸ் 2004-ல் வெளியிட்ட அட்டாக் வெக்டர் டாக்டிகல் இருக்கிறது. முப்பரிமாண நகர்வு, எஞ்சின் வெப்பம், கப்பலைச் சாய்த்துக் காட்டக் கட்டைகள் என்று எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒன்றிரண்டு கப்பலுக்கு மேல் அதில் வைக்காதீர்கள்.

அடுத்தது பேட்டில்ஃப்ளீட் காதிக். கேம்ஸ் வொர்க்ஷாப் 1999-ல் வெளியிட்டது. 2013 வாக்கில் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனாலும் ஆட்டம் சாகவில்லை. ரசிகர்கள் விதிகளைத் திருத்தித் திருத்தி உயிரோடு வைத்திருக்கிறார்கள். பழைய உலோகக் கப்பல்களின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். 3டி பிரின்ட்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இது விண்வெளி ஆட்டம் என்று பெயருக்குத்தான். நடப்பதெல்லாம் பழைய கடற்போர். க்ரூசர் 10 சென்டிமீட்டர் நேராகப் போன பிறகுதான் 45 டிகிரி திரும்பலாம். இரு பக்கமும் வரிசையாகப் பீரங்கி. உதாரணமாக லூனார் ரக க்ரூசர்: 180 பாயிண்ட், 8 உயிர், வேகம் 20 செ.மீ., மூக்கில் டார்பிடோ. எட்டில் நான்கு போனால் முடமாகிவிடும். தாளில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். ஃபுல் த்ரஸ்ட் மாதிரி ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக உடைவதில்லை. ஆபத்தான அடி விழுந்தால் மட்டும் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஒரு பகடை உருட்டி, அதன் தலைமைத் திறனை 6-க்கும் 9-க்கும் இடையில் முடிவு செய்வார்கள். "முழு வேகம்", "குறிபார்", "டார்பிடோவை மறுபடி ஏற்று" என்ற சிறப்பு ஆணை எதைக் கொடுத்தாலும், இரண்டு பகடை உருட்டி அந்த எண்ணைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஒரு கப்பல் தவறினால், அந்தச் சுற்றில் மற்றவற்றுக்கும் இத்தகைய ஆணை கிடையாது. ஆகவே எந்தக் கப்பலை முதலில் உருட்டுவது என்பதே பெரிய யோசனை. தலைமை 6 கிடைத்த கப்பலை எல்லோரும் பெயர் சொல்லித் திட்டுவார்கள். 9 கிடைத்ததைக் கொஞ்சுவார்கள். விதி தானாகவே கப்பலுக்கு ஒரு குணத்தைக் கொடுத்துவிடுகிறது, பெயர் அதில் ஒட்டிக்கொள்கிறது. சிறு கப்பல்கள் குழுவாக ஓடும், குழுவுக்கு ஒரே தலைமை எண். அங்கே தனிப்பெயர் வீண். குழுவுக்கு ஒரு பெயர் போதும்.

டிராப்ஃப்ளீட் கமாண்டர் புதியது. ஹாக் வார்கேம்ஸ் தொடங்கி, பின்னர் டிடிகாம்பட் கைக்குப் போனது. எதிரியை அழிப்பதைவிடக் கீழே இருக்கும் நகரங்களில் படையை இறக்குவதுதான் இதில் நோக்கம். உயர் சுற்றுப்பாதை, தாழ் சுற்றுப்பாதை, வளிமண்டலம் என்று மூன்று அடுக்கு. முதல் பதிப்பின் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: சுடும் தூரம் துப்பாக்கியைப் பொறுத்தது அல்ல. உங்கள் ரேடார் எண்ணும் எதிரிக் கப்பல் எவ்வளவு தெரிகிறது என்ற எண்ணும் சேர்ந்ததுதான் தூரம். எல்லா ஆயுதங்களையும் ஒரேயடியாகச் சுட்டால், உங்கள் கப்பல் 12 இன்ச் கூடுதல் தூரத்திலிருந்தும் கண்ணில் படும். சுடலாமா, இருட்டில் பதுங்கலாமா என்று ஒவ்வொரு சுற்றும் மனம் ஊசலாடும்.

இதில் தனிப்பெயரைவிட ரகப்பெயர்தான் அதிகம் புழங்கும், அதைச் செய்தவர்கள் அழகாகவே செய்திருக்கிறார்கள். பூமியை வேற்றினத்திடம் பறிகொடுத்த மனிதப் படையின் ரகங்களுக்கு பெர்லின், மாட்ரிட், ஒசாகா, நியூ கெய்ரோ என்று பூமியின் ஊர்ப் பெயர்கள். பறித்தவர்களின் கப்பல்களுக்கு ஹைட்ரா, ஸ்ஃபிங்ஸ், ஷென்லாங் என்று புராண மிருகங்கள். இன்னொரு தரப்புக்கு ஓரியன், அகில்லிஸ், தீசியஸ் என்று பெரும்பாலும் கிரேக்கக் கதைமாந்தர்கள். ஷால்டாரி இனத்துக்கு ஓபல், டோபாஸ், அம்பர் என்று மணியும் கல்லும். யாருடைய கப்பல் என்று பெயரைக் கேட்டாலே தெரியும். ஊர்ப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே அந்தப் படை எதற்காகப் போராடுகிறது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் ஒசாகா பெரிதா, மாட்ரிட் பெரிதா என்று பெயர் சொல்லாது. பட்டியலைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஸ்டார் வார்ஸ் ஆர்மடா 2015-ல் ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸிலிருந்து வந்தது. 2024-ல் புதிய வெளியீடுகள் முடிந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. கப்பல்கள் பெயின்ட் அடித்தே வரும், ஆறு சுற்றில் ஆட்டம் முடியும். பெரிய கப்பலுக்கு ஆணையைச் சில சுற்று முன்பே டயலில் அடுக்கி வைக்க வேண்டும் என்பது நல்ல யோசனை. பெயர் விஷயத்தில் இது தனி ரகம்: கப்பலின் பெயர் ஒரு சீட்டு, அதற்குப் பாயிண்ட் விலை, அதற்கென்று ஒரு சக்தி. கிளாடியேட்டர் ரகத்துக்கு 'டெமாலிஷர்' என்ற பெயரை வாங்கினால், நகர்ந்த பிறகு சுடலாம். ஒரு படையில் ஒரு பெயர் ஒரு முறைதான். பெயருக்கு மதிப்பு கொடுத்த விதி என்று பாராட்டலாம். ஆனால் எல்லோருடைய கிளாடியேட்டரும் டெமாலிஷர் ஆகிவிட்டால் அது என்ன தனிப்பெயர்? நீங்களாகப் பெயர் வைக்க இங்கே இடமே இல்லை. யாராவது மொத்தப் படையையும் கைமாற்றாக மலிவாகக் கொடுத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

ஃபுல் த்ரஸ்ட் என்று முடிவானால், பெயர் முழுக்க உங்கள் பொறுப்பு. எனக்குத் தெரிந்து மேசைக்கு மிகவும் ஒத்துவரும் முறை, இரண்டாம் உலகப்போர்க் கால ஜப்பானியக் கடற்படையுடையது. பெரிய போர்க்கப்பல்களுக்குப் பழைய மாகாணங்கள்: யமாட்டோ, நாகாட்டோ. கன க்ரூசர்களுக்கு மலைகள்: தகாவோ, அடாகோ. இலகு க்ரூசர்களுக்கு ஆறுகள்: செண்டாய், ஜிண்ட்சூ. நாசகாரிகளுக்குக் காற்றும் பனியும்: ஃபுபுகி என்றால் பனிப்புயல். பெயரைக் கேட்டாலே கப்பலின் அளவு தெரிந்துவிடும்.

இந்த முறையில் விதிவிலக்குகள்தான் ருசி. மோகாமி, மிகுமா, சுசுயா, குமானோ நான்கும் கன க்ரூசர்கள், ஆனால் ஆற்றுப் பெயர்கள். முதலில் இலகு க்ரூசராகக் கட்டிப் பின்னர் பெரிய பீரங்கி பொருத்தியதால் அப்படி. அகாகி, காகா இரண்டும் விமானம் தாங்கிகள். ஒன்றுக்கு மலை, மற்றதற்கு மாகாணம். போர் க்ரூசராகவும் போர்க்கப்பலாகவும் தொடங்கிய உடல்களை நடுவில் மாற்றிக் கட்டியதன் அடையாளம் அது. உங்கள் படையிலும் ஒரு கப்பலுக்கு வேண்டுமென்றே தவறான வரிசைப் பெயரை வைத்துப் பாருங்கள். எதிராளி "இது ஏன் ஆறு?" என்று கேட்பான், ஒரு பக்கக் கதை எழுதாமலே அந்தக் கப்பலுக்கு ஒரு கடந்தகாலம் கிடைத்துவிடும்.

இந்தியக் கடற்படையிலும் இதே போக்கு உண்டு. கொல்கத்தா, கொச்சி, சென்னை நாசகாரிகள். ஷிவாலிக், சத்புரா, சஹ்யாத்ரி என்ற மலைகள் அவற்றைவிடச் சிறிய ஃப்ரிகேட்கள். கமோர்ட்டா, கட்மட், கில்டான், கவரத்தி என்ற தீவுகள் இன்னும் சிறிய கொர்வெட்கள். இதை அப்படியே எடுத்து விண்வெளிக்கு மாற்றலாம். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள். கொர்வெட் நான்கும் க. ரஷ்யாவிலிருந்து வாங்கிய எட்டு ஃப்ரிகேட்களும் த வரிசை: தல்வார், திரிசூல், தபர், தேக், தர்கஷ், திரிகண்ட், துஷில், தமால். அணிவகுப்பில் அது கம்பீரம். அவசரமாக எழுதிய ஆணைத்தாளில் "தி: வ1 +3" என்றால் திரிசூலா, திரிகண்டா?

தமிழில் பெயர் வைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்துதான் ஆக வேண்டும். நான்கு நாசகாரிக்கு வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றையும் வைக்க யாருக்கும் கை பரபரக்கும். வைத்துப் பாருங்கள்: கொண்டலும் கோடையும் கையெழுத்தில் ஒரு சுழி வித்தியாசம். கோடையை எடுத்துவிட்டுச் சூறை போடலாம். க்ரூசருக்கு ஆற்றுப் பெயர் என்று பொருநை வைத்தால், மலைப் பெயரில் பொதிகை வைக்க முடியாது. வைகை இருந்தால் வாடை இடிக்கும். எழுதி, உரக்கச் சொல்லி, முதல் எழுத்தை மட்டும் பார்த்து அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றிலும் தேறினால் ஸ்டாண்டில் எழுதலாம்.

ஃபுல் த்ரஸ்ட்டின் சொந்தக் கதையுலகம் வேறு வழியைப் பிடிக்கிறது, படிக்க அதுவும் சுவை. பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் இணைந்த நியூ ஆங்கிலியன் கூட்டமைப்பில் வேலி ஃபோர்ஜ், ஆர்க் ராயல், ஹ்யூரான் மூன்றும் ஒரே படை. ரஷ்யாவும் சீனாவும் சேர்ந்த யூரேசிய ஒன்றியத்தில் கொமரோவும் பெய்ஜிங்கும் பக்கத்துப் பக்கத்தில். எந்த நாடு எதோடு சேர்ந்தது என்பதை ரகப்பட்டியலே சொல்கிறது. இரண்டு தரப்பு சேர்ந்து ஒரு படையானது என்று கதை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். அளவு தெரிய வேண்டுமென்றால் பொருந்தாது: இங்கே துணைக் க்ரூசராக இருக்கும் பெய்ஜிங், டிராப்ஃப்ளீட்டில் பெரிய போர்க்கப்பல்.

'அழிவின் கரம்', 'அசையாத நம்பிக்கை' மாதிரி முழக்கப் பெயர்கள் காதிக் உலகத்துக்கு அழகு. பெரிய கப்பல் நான்கைந்துதான் என்பதால் தாங்கும். எட்டுக் கப்பலுக்கும் அப்படி வைத்தால் ஒன்றுக்கொன்று கலந்துவிடும். ஆட்டத்தின் நடுவில் எல்லாமே 'அந்த அழிவு' ஆகிவிடும். இதற்கு நேரெதிர், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தன் சின்ன கொர்வெட்களுக்கு வைத்தது: புளூபெல், மேரிகோல்ட், கிளாடியோலஸ் என்று பூக்கள். நீர்மூழ்கி வேட்டைக்குப் போன கப்பல் பெயர் செண்டுமல்லி! சிறு கப்பல்களுக்கு இப்படி மென்மையான பெயர் வைத்தால் மேசையில் நன்றாக நிற்கும், எளிதில் மறக்காது.

நாட்டின் பெயரையே கொடிக்கப்பலுக்கு (தளபதி இருக்கும் தலைமைக் கப்பலுக்கு) வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஜெர்மனி 'டாய்ச்லாண்ட்' என்ற கப்பலுக்குப் போர் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே 'லுட்சோ' என்று பெயர் மாற்றியது. நாட்டின் பெயர் தாங்கிய கப்பல் மூழ்கினால் என்ன ஆகும் என்ற பயம். மேசையிலும் கொடிக்கப்பல்தான் முதல் குறி.

தொடர் ஆட்டமாக ஆடுகிறவர்கள், மூழ்கிய பெயரை என்ன செய்வது என்றும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நிஜக் கடற்படைகள் பெயரைத் தூக்கிப் போடுவதில்லை. 1971-ல் மூழ்கிய குக்ரியின் பெயர் 1989-ல் புதிய கொர்வெட்டுக்கு வந்தது. 1997-ல் ஓய்வுபெற்ற விக்ராந்தின் பெயர் 2022-ல் புதிய விமானம் தாங்கிக்கு வந்தது. நான் பரிந்துரைப்பது இது: அழிந்த கப்பலின் பெயரை அடுத்த மூன்று ஆட்டத்துக்கு யாரும் தொடக்கூடாது. அதற்குப் பிறகு அதே ரகத்திலோ அதைவிடப் பெரிய ரகத்திலோ புதிய கப்பல் சேர்ந்தால் அந்தப் பெயரை வைக்கலாம், தாளில் பெயருக்குப் பக்கத்தில் 2 என்று போட்டு. சின்ன ரகத்துக்கு இறக்கி வைக்க வேண்டுமென்றால் எதிராளியின் சம்மதம் வேண்டும்.